பொங்கல் காலையில் லொறியைச் சூடாக்கியது

அன்று லொறிக் கொட்டகைக்கு முன்னால் இருந்தவர்கள் ஏழு பேர். லொறி டிரைவர். நிறைமாத வயிற்றோடு லொறியின் பின்தட்டில் மெத்தை போட்டுப் படுத்திருந்த என் தங்கச்சி. அவள் தலையை மடியில் வைத்திருந்த எங்கள் அம்மா. தங்கச்சியின் புருஷன். தோட்டத்து மருந்துச்சாலையைப் பார்த்துவந்த டாக்டர் ஐயா. கொட்டகைச் சாவியைக் கொண்டுவந்த காவல்கார வாச்சர். அவர் கீழ்க் கிராமத்துச் சிங்களவர். பிறகு நான். லொறிக் கிளீனர் இல்லை. பொங்கலுக்கு எஹலியகொடையில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தான். மற்றவர்கள் எல்லாரும் பிறகு வந்தவர்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் தெரணியகலைக்கு மேலே. கீழே டவுனில் தை மாதத்திலும் வியர்க்கும். மேலே எங்கள் டிவிஷனில் விடிகிற நேரம் பனி இறங்கி லயத்து வரிசை வீடுகளின் தகரமெல்லாம் நனைந்து கிடக்கும். அந்தக் குளிரை ஆட்கள் தாங்கினார்கள். லொறி தாங்கவில்லை. அரசாங்கம் தோட்டங்களைக் கம்பெனிகளுக்குக் கொடுப்பதற்கு ரொம்பக் காலம் முன்னாலேயே வந்த டீசல் லொறி அது. டீசல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுமுன் உள்ளே சூடேற்றுவதற்கு ஹீட்டர் என்று நாலு சின்னக் குச்சிகள் இருக்குமாம். எங்கள் லொறியில் இரண்டு செத்துப் போயிருந்தன. புதிது கேட்டு டிரைவர் ஆபீசுக்குப் போகும்போதெல்லாம் அடுத்த மாதம் பார்ப்போம் என்பார்கள்.

அதனால் லொறியை நாங்களே சூடாக்கினோம். நாங்கள் என்று சொல்வது சரிதான், ஏனென்றால் சுடுதண்ணீர் என்னுடையது. நான் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மாவுக்கு உதவிக்கு இருந்தேன். கொழுந்துக்குப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுமுன் அங்கே அடுப்பு எரிய வேண்டும். பெரிய அண்டாவில் தண்ணீர் வைப்பேன். பாதி பிள்ளைகளுக்கு, பாதி லொறிக்கு.

டிரைவர் சாயந்தரமே ரேடியேட்டருக்குக் கீழே இருக்கிற குழாயைத் திறந்து பழைய தண்ணீரை வடித்து விட்டுவிடுவார். காலையில் முதல் வாளிச் சுடுதண்ணீரை மேலே ஊற்றினால், குழாய் திறந்தபடி இருப்பதால் எஞ்சினுக்குள் ஓடிக் கீழே வழிந்து போகும். பிறகு குழாயை மூடி அடுத்த வாளிகளை ஊற்றுவார். அதற்குள் தேயிலை காய்கிற ஸ்டோர் அடுப்பிலிருந்து தணலை ஒரு தட்டைத் தகரத்தில் அள்ளி வந்து எஞ்சினுக்கு அடியில், எண்ணெய் நிற்கிற இடத்துக்கு நேராகத் தள்ளி வைப்பார். குளிரில் தேன் மாதிரி இறுகிக் கிடக்கிற எண்ணெய் இளகும். கை வைத்துப் பார்ப்பார். பொறுமையாக வெற்றிலை போடுவார். அதற்குப் பிறகுதான் ஏறி உட்கார்ந்து செல்ப் அடிப்பார்.

"ஒரே தரந்தான் கேக்கணும்" என்பார். "சும்மா சும்மா கேட்டா கோவிச்சுக்கும். பெட்டரியும் போயிரும்."

அந்தத் தணலை நினைத்துத்தான் எனக்குப் பயம். எண்ணெய் சொட்டுகிற வண்டிக்கு அடியில் நெருப்பு. தினமும் ஒரு வாளி மண்ணை வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்பேன். அங்கே பிள்ளைகள் வந்திருக்கும், ஆயம்மா கூப்பிடுவாள், இருந்தாலும் எஞ்சின் சத்தம் கேட்காமல் நகர மாட்டேன்.

"ஏய், ஒன்னையத் தூக்கி ரேடியேட்டர்ல ஊத்துனா போதும்டி" என்று டிரைவர் கேலி பண்ணுவார். "பயத்துலயே கொதிச்சுப் போய் நிக்கிற."

"தீப்புடிச்சா நீங்களா அண்ணே பதில் சொல்லுவீங்க?"

"நான் எங்க பதில் சொல்றது. நான்தான் உள்ள இருப்பேனே."

எனக்கு இந்தப் பயம் அம்மாவிடமிருந்து வந்தது. தங்கச்சி பிறந்தபோது நான் ஆறாம் வகுப்பு. பிள்ளைக்காம்பராவில் விட்டால் சளி பிடிக்கும், தொட்டிலிலிருந்து விழும், யாராவது மாற்றித் தூக்கிப் போய்விடுவார்கள் என்று அம்மா என்னென்னவோ பயந்தாள். வேலைக்குப் போகாமலும் இருக்க முடியாது. அதனால் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு லயத்துக் கோடியில் நின்று கொழுந்துக்குப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் பிற்பாடு என் படிப்பு. அவள் இருமினால் எனக்குத் தூக்கம் போய்விடும். அவள் கல்யாணம் முடித்துப் பக்கத்துக் காம்பராவுக்குப் போன பிறகும் சுவர் வழியாகக் காது கொடுத்துப் படுத்திருப்பேன். "அக்கா, நான் இன்னும் உசிரோடதான் இருக்கேன், தூங்கு" என்று அங்கிருந்து சத்தம் போடுவாள். அவள் புருஷன் சிரிப்பது கேட்கும்.

தைப்பொங்கலுக்குத் தோட்டத்துக்கு லீவு. கொழுந்து இல்லை, லொறி ஓட்டமும் இல்லை. டிரைவர் முந்தின நாள் பகலோடு ரேடியேட்டரை வடித்துவிட்டு லொறியைக் கொட்டகையில் விட்டிருந்தார். பிள்ளைக்காம்பராவும் பூட்டு. ஸ்டோர் அடுப்பும் எரியவில்லை. பிள்ளைக்காம்பரா அண்டாவை வருஷா வருஷம் போலக் கோயில் கமிட்டிக்காரர்கள் முந்தின நாளே எடுத்துப் போயிருந்தார்கள். கோயில் முற்றத்தில் தோட்டத்துப் பொதுப் பொங்கல் அந்த அண்டாவில்தான் வைப்பார்கள். அவ்வளவு பெரிய பாத்திரம் வேறு கிடையாது.

விடிந்தும் விடியாமலும் தங்கச்சி சுவரைத் தட்டினாள். வழக்கமான கேலி இல்லை. போய்ப் பார்த்தால் பாயெல்லாம் இரத்தம். வலி இல்லை என்றாள். வலி இல்லாமல் இரத்தம் போனது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அவள் புருஷன் ஓடிப்போய் டாக்டர் ஐயாவைக் கூட்டி வந்தான். ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். சண்டையில் பாதை பூட்டிக் கிடந்ததால் அந்தப் பொங்கலுக்கும் ஊருக்குப் போகவில்லை. குளித்து வேட்டி கட்டி, குவாட்டர்ஸ் வாசலில் தன் சின்னப் பானையை வைக்கத் தயாராகி இருந்திருக்கிறார். அப்படியே வந்தார்.

பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். "பிள்ளை, இது இஞ்ச வச்சுப் பாக்கிற அலுவல் இல்ல. ரத்தம் போறது நிக்காது. உடன பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும்."

அப்போது கையில் போன் இல்லாத காலம். போன் ஆபீசில் இருந்தது, ஆபீஸ் பூட்டியிருந்தது, கிளாக்கர் ஊரில் இல்லை. பஸ் எங்கள் மேட்டுக்கு வராது. திரீவீலுக்குத் தெரணியகலைக்கு இறங்க வேண்டும். இருந்தது லொறிதான். தோட்ட மேனேஜர் தொரை பங்களாவில் இல்லை. கேட்க ஆளில்லை என்று டிரைவர் ஒரு நிமிஷம் தயங்கினார். "நான் எழுதித் தாறன், எடும்" என்றார் டாக்டர் ஐயா.

தங்கச்சியைப் பாயோடு தூக்கிப் போய் லொறியில் போட்டிருந்த மெத்தையில் கிடத்தினோம். கொழுந்துச் சாக்கு மணம் அடித்தது. அவள் முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது. இருந்தும் அவளுக்குப் பேச்சு நிற்கவில்லை.

"அக்கா, கொழுந்து மாதிரியே ஏத்திட்டாங்க. நிறுத்துப் போடச் சொல்லு. இன்னைக்கு அம்மாவுக்குக் கூடுதல் கிலோ."

"வாய மூடிக்கிட்டுப் படு."

"ஈரக் கொழுந்துன்னு தண்ணிக்குக் கழிக்காம போடச் சொல்லு."

டிரைவர் எஞ்சின் மேல் கையை வைத்துப் பார்த்தார். எடுத்து வேட்டியில் துடைத்தார். "ஐஸ்" என்றார். "சுடுதண்ணி கொண்டா. தணல் கொண்டா. சூடு காட்டாம இது எந்திரிக்காது."

நான் கோயிலுக்கு ஓடினேன். கொட்டகையிலிருந்து கோயில் ஒரு கூப்பிடு தூரம் மேலே. அண்டாவில் பால் ஊற்றியாகிவிட்டது. கரும்பு கட்டியிருந்தது. எல்லாரும் தலை குளித்துச் சுற்றி நின்றார்கள். கமிட்டித் தலைவரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அண்டாவை இறக்கித் தாருங்கள், தண்ணீர் வைக்க வேண்டும், அடுப்புத் தணலும் வேண்டும் என்றேன்.

அவர் அதிர்ந்துதான் போனார். கல்நெஞ்சுக்காரர் இல்லை அவர். ஆனால் கை அண்டாவின் பக்கம் போகவில்லை. "பால் ஊத்தியாச்சேம்மா. பொங்குறதுக்கு முன்ன எறக்குனா அந்தப் புள்ளைக்கே ஆகாதும்மா. இந்தா, பொங்கிரும். பொங்குன ஒடனே தணல அள்ளித் தாறேன். நீ அதுக்குள்ள லயத்துல கேட்டுப் பாரு."

சுற்றி நின்ற ஒருத்தரும் அவரை மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கே ஆகாது என்ற பிறகு இறக்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது யோசித்தால், பயந்த ஆளிடம் அதைவிடப் பெரிய பயத்தைக் காட்டினால் வேறென்ன நடக்கும் என்று தோன்றுகிறது. அவருக்கும் அதே பயம்தான்.

வாளியோடு லயத்துக்கு ஓடினேன். ஒவ்வொரு வாசலிலும் மூன்று கல், ஒரு பானை, பானையில் பால். எல்லா வீட்டிலும் ஒரே அடுப்பு எரிந்தது, அந்த அடுப்பில் பொங்கல். தேத்தண்ணிக் கேத்தல்கள் ஓரத்தில் ஆறிக் கிடந்தன. கேட்ட வீட்டிலெல்லாம் கேத்தலில் இருந்ததை ஊற்றினார்கள். வாளி நிறைந்தது. ஆனால் கையை விட்டால் சுடவில்லை. கடைசிக் காம்பராவில் இருந்தவள் மட்டும் ஒன்றும் கேட்காமல் பால் பானையைத் துணி பிடித்து இறக்கி வைத்துவிட்டு, அந்த அடுப்பில் ஒரு சட்டித் தண்ணீரை ஏற்றினாள். "நில்லுக்கா, கொதிக்க வச்சுத் தாறேன். எனக்கு இந்த வருசம் என்ன வந்துறப் போகுது" என்றாள். அவள் புருஷனை முந்தின வருஷம் கொழும்பில் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். இன்னும் வரவில்லை.

அவள் சட்டி கொதிக்குமுன் கீழே செல்ப் சத்தம் கேட்டது.

பிற்பாடு வாச்சர் சொல்லித்தான் அங்கே நடந்தது எனக்குத் தெரியும். தங்கச்சி பேச்சை நிறுத்தியிருக்கிறாள். அம்மா "புள்ள கண்ண மூடுது" என்று கத்தியிருக்கிறாள். தங்கச்சியின் புருஷன் லொறி மிதிபலகையில் ஏறி டிரைவரின் சட்டைக் காலரைப் பிடித்திருக்கிறான்.

"அண்ணே, அடிங்கண்ணே. ஒரு தரம் அடிச்சுப் பாருங்க."

"சூடு ஏறல தம்பி. இப்ப அடிச்சா வராது. பெட்டரி எறங்கிரும்."

"ஒங்க பொண்டாட்டியா இருந்தா அடிப்பீங்கள்ல?"

டிரைவர் சாவியில் கை வைத்தாராம். அடித்தாராம். அது முனகியிருக்கிறது. இன்னும் ஒரு தரம். பிறகு இன்னும். ஒவ்வொரு தரமும் சத்தம் தணிந்துகொண்டே வந்தது எனக்கு லயத்திலிருந்தே கேட்டது. கடைசியில் டக்கென்று ஒரு சத்தம் மட்டும். அந்த நேரத்தில்தான் மேலே கோயிலில் பால் பொங்கி, எல்லாரும் ஒரே குரலில் பொங்கலோ பொங்கல் என்றார்கள்.

நான் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது லொறி கொட்டகையில் இல்லை. சரிவில் உருட்டிவிட்டிருந்தார்கள். பெட்டரி செத்தால் சரிவில் விட்டுக் கியரைப் போட்டுத்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும். சூடான எஞ்சின் என்றால் பாதிச் சரிவில் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த எஞ்சின் குலுங்கியது, வெள்ளைப் புகை விட்டது, பிடிக்கவில்லை. சரிவு முடிகிற இடத்தில், மதகுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் ரோட்டு சமமாகப் போகிறது. லொறிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

டிரைவர் இறங்கி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நின்றார். யாரையும் ஏசவில்லை. எப்போதும் ஏசுகிறவர் அவர்.

"நங்கி, பய வெண்ட எப்பா" என்றார் வாச்சர். பயப்படாதே தங்கச்சி என்று என்னிடம் சொன்னவரின் முகமும் சரியில்லை. என் கையிலிருந்த வாளியை வாங்கி ரேடியேட்டரில் ஊற்றினார்.

அதற்குள் கோயிலிலிருந்து எல்லாரும் இறங்கி வந்துவிட்டார்கள். கமிட்டித் தலைவர் தட்டைத் தகரத்தில் பொங்கல் அடுப்புத் தணலை அள்ளித் தானே சுமந்து வந்தார். வேட்டி ஓரம் கருகியிருந்தது, அவர் கவனிக்கவில்லை. தணலை எஞ்சினுக்கு அடியில் தள்ளினார்கள். கடைசிக் காம்பராக்காரி கொதிக்கக் கொதிக்க இன்னும் தண்ணீர் கொண்டுவந்தாள். யாரோ பொங்கல் அண்டாவைச் சட்டிகளில் கவிழ்த்துவிட்டு அதில் தண்ணீர் ஏற்றினார்கள். எல்லாம் நடந்தது. நடக்க வேண்டிய வேகத்தில் நடந்தது. ஆனால் இரும்பு சூடேறுவதற்கு அதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது. யார் அழுதாலும் அது முந்தி வராது. எத்தனை காலை அந்த லொறிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் மண் வாளி எடுத்து வர மறந்திருந்தேன். தணல் செக்கச் செவேலென்று எரிந்தது. அன்றைக்கு அதைப் பார்க்க எனக்குப் பயமே வரவில்லை. தங்கச்சியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு லொறிக்குப் பின்னால் நின்றேன். பாதம் குளிர்ந்திருந்தது. தேய்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தரம் கண்ணைத் திறந்து, "கீழ சூடா இருக்குக்கா. நல்லாருக்கு" என்றாள். தணலின் சூடு அவ்வளவு தூரம் வந்திருக்காது. அவளுக்கு அப்படித் தோன்றியிருக்கிறது.

டிரைவர் குனிந்து கை வைத்துப் பார்த்தார். பிறகு, "எல்லாரும் கை குடுங்க" என்றார். தலை ஈரம் காயாத ஆம்பிளைகள், பெண்கள், எல்லாரும் சேர்ந்து சமரோட்டில் தள்ளினோம். எஞ்சின் இருமியது. பிடித்தது. அந்தச் சத்தம் கேட்டு அழாதவர்கள் இல்லை. நானும் தொற்றி ஏறினேன். டாக்டர் ஐயா முன்னால் ஏறினார். லொறி நின்றால் மறுபடி எழாது என்று டிரைவர் வழியில் எங்கும் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலும் எஞ்சினை ஓடவிட்டுத்தான் இறங்கினார்.

தங்கச்சியை உள்ளே கொண்டுபோனார்கள். உள்ளே போகும்போது என் விரலைப் பிடித்திருந்தாள். பிறகு பிடி விட்டது, நேர்ஸ் என் கையை எடுத்துவிட்டாள்.

பிள்ளையை முதலில் கொண்டுவந்து காட்டினார்கள். பெண் பிள்ளை. சின்னதாக இருந்தது, கத்தியது. தாயைப் பற்றிச் சொல்ல ஒரு டாக்டர் வந்தார். இளவயது. சிங்களத்தில்தான் பேசினார், எங்கள் எல்லாருக்கும் விளங்கும். நிறைய இரத்தம் போய்விட்டது, எங்களால் முடிந்ததைப் பார்த்தோம் என்றார். பிறகு தனக்குத்தானே சொல்வது போல, "டிக்கக் கலின் கெனாவா நம்" என்றார். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால். குற்றம் சொல்கிற குரலில்லை. டாக்டர் ஐயா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தங்கச்சியின் புருஷன் தரையில் உட்கார்ந்து, "பொறுத்திருந்தா ஏறியிருக்கும்ல அண்ணே? சூடு ஏறியிருக்கும்ல?" என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"இல்லடா" என்றார் டிரைவர். "எப்புடியும் ஏறியிருக்காது. ஹீட்டர் செத்த வண்டி."

பொறுத்திருந்தால் ஏறியிருக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தினமும் ஏறியதுதானே. அவர் அப்படிச் சொன்னதற்காக நான் இன்றைக்கும் அவரைக் கும்பிடுகிறேன்.

தங்கச்சியை அந்த லொறியிலேயே திருப்பிக் கொண்டுவந்தோம். வாசலில் அத்தனை நேரமும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இனி எதற்கு அவசரம் என்று யாரும் அதை நிறுத்தவில்லை.

பிள்ளையை நான் வளர்த்தேன். பிள்ளைக்காம்பராவில் விட்டால் சளி பிடிக்கும் என்று பயந்து, நான் வேலை பார்க்கிற அதே இடத்தில் என் மடியிலேயே வைத்திருந்தேன். தோட்டத்தில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அடுத்த வருஷம் கோயில் கமிட்டி அண்டா கேட்டு வரவில்லை. லயத்து லயமாகப் பணம் சேர்த்துக் கோயிலுக்கென்று ஒன்று வாங்கினார்கள்.

சம்பள நாளில்தான் இன்னொன்று தெரிந்தது. அடித்து அடித்துப் பெட்டரி உள்ளே செத்துப் போயிருக்கிறது. லீவு நாளில், உத்தரவு இல்லாமல், முறை தப்பி ஓட்டியது என்று ஆபீசில் டிரைவர் சம்பளத்தில் புதுப் பெட்டரியின் விலையைப் பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். டாக்டர் ஐயா எழுதிக் கொடுத்த துண்டு வண்டியை எடுத்ததற்குத்தான் செல்லுமாம், பெட்டரிக்குச் செல்லாதாம். யார் அடிக்கச் சொன்னது என்று கேட்டிருக்கிறார்கள். நானாகத்தான் அடித்தேன் என்று சொல்லியிருக்கிறார்.

எங்களிடம் மூச்சு விடவில்லை. அவர் பொண்டாட்டி பிள்ளைக்காம்பராவில் வந்து அழுததால் தெரிந்தது. நான் போய்க் கேட்டேன்.

"ஏண்ணே சொல்லல?"

"சொன்னா? அந்தப் பயலக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. பொண்டாட்டியப் பொதச்ச கையோட வந்து, ஆமா நான்தான் சட்டையப் புடிச்சேன்னு அவன் சொல்லணுமா?" வெற்றிலையைத் துப்பினார். "போய் வேலையப் பாரு. புள்ளைங்க அழுவுது."

பெட்டரி நாலாயிரத்து எண்ணூறு ரூபாய். அதை நாங்கள் கொடுப்பதுதான் நியாயம் என்று தங்கச்சியின் புருஷனும் நானும் பேசி முடித்தோம். அவன் கொழும்புக்கு வேலைக்குப் போகுமுன் இரண்டாயிரம் கொடுத்தான். டிரைவர் வாங்க மாட்டேன் என்று ஏசினார், அவர் பொண்டாட்டி வாங்கிக்கொண்டாள். நான் என் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். அதற்குள் லொறியை இரும்புக்கு விற்றுவிட்டார்கள். அவருக்கு அங்கே வேலை இல்லை. நிவித்திகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த மகள் வீட்டுக்குப் போனார்கள். ஒரு தரம் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தேடிப் போனேன். அந்தத் தோட்டத்திலிருந்தும் போய்விட்டார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கொண்டுபோன பணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தேன். அவருக்கு இன்னும் கொடுக்க வேண்டியது ஆயிரத்து முன்னூறு ரூபாய்.